மாப்பிள்ளை குறை சொல்லாத பியானோ

பியானோ செய்யும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கலாம். தாங்கள் செய்த பியானோவில் இன்ன குறை இருக்கிறது என்று வாங்க வந்தவரின் முகத்துக்கு நேரே சொல்லி, அதற்குப் பிறகும் பேரம் பேச விடாமல் விற்று அனுப்பிய குடும்பம் பெட்டிக்காரர் குடும்பம் ஒன்றுதான் இருக்க முடியும். அந்தக் குடும்பத்தின் பெருமைமிக்க வரலாற்றில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒருவர் வருகிறார். இது அவரைப் பற்றியது. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது; கூப்பிட ஆளில்லாமல் துருப்பிடித்துப் போயிற்று. தொழிற்சாலையில் வாயிற்காவலர் முதல் முதலாளி வரை எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே குறிப்பிட்டார்கள். தலை முழுக்க நரைத்து, முன்பல் ஒன்று விழுந்து, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மாப்பிள்ளைதான்.

வரலாறு என்றால் முறைப்படி ஸ்தாபகரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் ஆரம்பத்தில் பீரோ செய்துகொண்டிருந்தார். ஒரு பணக்கார வீட்டுக்குப் பீரோ இறக்கப் போன இடத்தில் ஓரமாகக் கிடந்த பழைய பியானோவைத் திறந்து பார்த்துவிட்டு, “அட, இதுவும் பெட்டிதான். உள்ள துணிக்குப் பதிலா கம்பி” என்றார். மனிதகுலத்தின் பெரிய முயற்சிகள் பலவும் இப்படி அரைகுறையாகப் புரிந்துகொண்டதில்தான் தொடங்கியிருக்கின்றன. அவர் செய்த முதல் பியானோவுக்குப் பூட்டு இருந்தது, இரட்டைச் சாவி இருந்தது, மூடியின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடிகூட இருந்தது. ஊரார் அன்று வைத்த பெட்டிக்காரர் என்ற பட்டம், பிற்பாடு பெரிய பெரிய அரங்குகளுக்கெல்லாம் பியானோ அனுப்பிய காலத்திலும் கழன்று விழவில்லை.

அந்த முதல் பியானோவை ஒரு பள்ளிக்கூடம் வாங்கியது. ஒப்படைக்கும் நாளில் ஸ்தாபகர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க, பாட்டு டீச்சர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். நடுவில் ஒரு கட்டையில் விரல் நின்றது.

“ஐயா, இது உள்ள நல்லாப் போகுது. வெளிய வரத்தான் யோசிக்குது.”

பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த ஸ்தாபகர் சாப்பிடவில்லை. மறுநாள் பசி பொறுக்காமல் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, குடும்பத்தைக் கூட்டி வைத்துச் சட்டம் இயற்றினார். அடுத்தவன் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நம் குறையை நாமே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். இதற்காகத் தொழிற்சாலையின் கோடியில் தடித்த சுவர் வைத்து ஓர் அறை கட்டினார். அதற்குக் கேட்கும் அறை என்று பெயர். மேஸ்திரி தன் வேலையெல்லாம் முடித்த பிறகே பியானோ அதற்குள் போகும். போன பிறகு அதன்மேல் திருப்புளி, உளி எதுவும் படக் கூடாது. அறைக்குள் கண்டுபிடிக்கப்படும் குறை, பிறவி மச்சம் மாதிரி. அதைச் சரிசெய்யக் கூடாது. சொல்லித்தான் விற்க வேண்டும்.

“அப்போ குறையே இல்லாம ஒண்ணு பொறந்துட்டா?” என்று அவருடைய மகன் கேட்டான்.

“அதை விக்கக் கூடாது. அது நம்ம வீட்டுக்கு வரணும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டு முன்னறையில் நாற்காலி மேசைகளை ஒதுக்கி, தரையில் வெள்ளைக் கோடு கிழித்து, வரப்போகும் பியானோவுக்கு இடம் விட்டார். அந்தக் கோட்டுக்குள் யாரும் நடக்கக் கூடாது, எதையும் வைக்கக் கூடாது.

குறை கண்டுபிடிப்பது யார் என்ற கேள்வி எழுந்தது. ஸ்தாபகர் தன் பியானோவில் குறை தேடினால் கண்ணில் நீர்தான் வந்தது. மகன் தேடினால் எல்லாக் குறைகளும் மேஸ்திரி பக்கமே இருந்தன. அப்போதுதான் ஸ்தாபகரின் மகளைக் கட்டியவர் விருந்துக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே தலையணை மேடு, வாசற்படி உயரம், குளிக்கிற தண்ணீர் சூடு போதாது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்கள் முகம் வாடிப் போனார்கள். ஸ்தாபகருக்கோ ஞானம் பிறந்தது.

“இவர்தான்யா ஆளு” என்றார்.

இப்படியாக, உலகமெங்கும் மாப்பிள்ளைகள் சம்பளமில்லாமல் செய்துவரும் வேலைக்கு, பெட்டிக்காரர் குடும்பம் முதன்முதலாக ஒரு பதவியும் தனி அறையும் கொடுத்தது.

வியாபாரம் படுத்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது வேறு. பியானோவை ஒப்படைக்கும்போது அந்த முதல் மாப்பிள்ளை எழுந்து நின்று, “எல்லாம் நல்லா இருக்கு. ஆனா…” என்று ஆரம்பித்துக் குறையைச் சொல்வார். வாங்குகிறவர் தன் குழந்தையின் ஜாதகம் கேட்பதுபோல் கைகட்டிக் கேட்பார். பிறகு அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். “எங்க வீட்டுப் பியானோவுல மூணாவது கறுப்புக் கட்டைக்கு மழைக்காலத்துல தொண்டை கட்டிக்கும்” என்று ஒரு வக்கீல் சொன்னால், “அது பரவாயில்லையே, எங்களோடதுல அடிக்கட்டை ரெண்டு ஒண்ணுக்கொண்ணு பேசாது” என்று ஒரு டாக்டர் சொல்வார். குறையில்லாத பியானோ வைத்திருப்பவர்கள், அதாவது வேறு கம்பெனியில் வாங்கியவர்கள், சபையில் வாயைத் திறக்க முடியவில்லை.

நம்முடைய மாப்பிள்ளை இந்தப் பதவிக்கு இரண்டாவதாக வந்தவர். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். கம்பெனியின் விலைப்பட்டியல் அங்கேதான் அச்சாயிற்று. எழுத்துப் பிழைகளைத் திருத்தியதோடு விடாமல், பியானோ படத்துக்குப் பக்கத்தில், ‘பின்னங்கால் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது’ என்றும் குறித்து அனுப்பிவிட்டார். அப்போது ஸ்தாபகரின் மகன் முதலாளியாகியிருந்தார். அச்சகத்துக்குப் போய் அந்தப் பயலை நாலு வார்த்தை கேட்பதென்று கிளம்பியவர், எதற்கும் இருக்கட்டும் என்று காலை அளந்து பார்த்தார். குட்டையாகத்தான் இருந்தது. அப்படியே திரும்பி வந்து, “நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு” என்றார்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒடிசலான பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையிலிருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொண்ணு எப்படி?” என்று கேட்டார் பெண்ணின் அண்ணன்.

பையன் தலையை நிமிர்த்திப் பெண்ணைப் பார்த்தான். பிறகு, “ஒரு குறையும் தெரியலை” என்றான்.

அந்த வாசகத்தை அதன்பின் அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி அவர் அந்த வீட்டோடேயே தங்கினார். வருஷங்கள் ஓடின. எத்தனையோ பியானோக்கள் கேட்கும் அறைக்குள் போய் வெளியே வந்தன. அத்தனைக்கும் ஓர் ‘ஆனா’ இருந்தது.

மனைவி தொழிற்சாலையில் கம்பளித் துண்டுகள் தைக்கும் பகுதியில் இருந்தாள். பியானோவின் உள்ளே மரத்தோடு மரம் இடிக்காமல் இருக்க வைத்துத் தைக்கும் துண்டுகள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரல் நுனியில் ஒரு சின்னத் தகரக் குல்லா மாட்டியிருப்பாள். வீட்டுக்கு வந்தும் பல சமயம் அதைக் கழற்ற மறந்துவிடுவாள். அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை; காதுதான் குடும்பத்தின் மூலதனம் என்பதால் ஸ்தாபகர் காலத்திலிருந்தே அப்படி. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கத்துவதற்குப் பதில் சுவரில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் ‘வா’. ஒரு தட்டு என்றால் ‘இருக்கேன்’. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து முன்னறையில் செருப்பைக் கழற்றுவார். சமையலறைச் சுவரிலிருந்து ‘டொக்’ என்று ஒரு தட்டு வரும். தகரக் குல்லாவின் தட்டு. அவ்வளவுதான். அதற்குமேல் அந்தத் தம்பதி பேசிக்கொண்ட காதல் வசனம் ஏதும் வரலாற்றில் பதிவாகவில்லை.

ஒன்றே ஒன்று உண்டு. புதுப் பியானோ கேட்கும் அறைக்குள் போகும் நாளில் அவள் கோட்டுக்குள் இருக்கும் இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருப்பாள். அவர் வந்ததும் கேட்பாள்.

“இன்னைக்கு வந்தது எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா…”

“ஆனாவா? சரி, கை கழுவிட்டு வாங்க.”

ஒரு தடவை மட்டும், உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது, “ஒரே ஒரு நாள் உங்க காதைக் கொஞ்சம் கழட்டி வச்சுட்டுப் போகக் கூடாதா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவரும் சிரித்தார். மறுநாள் போய், வழக்கம்போலக் காதையும் எடுத்துக்கொண்டு போய், மேல்கட்டை ஒன்றில் ஒரு கிறீச்சைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். அவள் தேறவில்லை. கோட்டுக்குள் இருந்த இடம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிறைய இடம் ஆயிற்று. மச்சான், அதாவது அவள் அண்ணன், இப்போது கம்பெனியின் முதலாளி, மனைவி மக்களோடு லிப்ட் வைத்த கட்டடத்துக்குக் குடிபோனார். மாப்பிள்ளையையும் கூப்பிட்டார். “இங்க யார் இருக்கறது, பியானோ வந்தா?” என்றார் மாப்பிள்ளை. ஆகக்கூடி, வராத பியானோவுக்குக் காவலாக ஒருவர் பழைய வீட்டில் தங்கினார். முன்னறையில் கோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒரு பக்கத் தரை வழவழவென்று தேய்ந்திருந்தது. வந்ததும் செருப்பைக் கழற்றுவார். கொஞ்ச நேரம் நிற்பார். சுவர் பாட்டுக்குச் சுவராக இருக்கும். சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவார்.

தொழிற்சாலையிலாவது நாலு பேர் இருப்பார்களே என்று கேட்கலாம். நாலு பேர் இல்லை, நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் குறை சொல்லி வந்தவரின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால் அந்த பெஞ்சு மெல்ல மெல்லக் காலியாகும். ஒருவருக்கு அவசரமாகப் பசை காயும், இன்னொருவருக்கு வார்னிஷ் கூப்பிடும். டீக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, தண்டனை விதிக்கப்படப் போகிறவர்போல் நின்றுகொண்டிருப்பார்.

“டீ நல்லா இருக்கு” என்பார் மாப்பிள்ளை.

டீக்காரர் நகர மாட்டார்.

“நல்லாத்தான் இருக்குப்பா.”

“ஆனான்னு ஒண்ணு வரும்ல, அதுக்குத்தான் சார் நிக்கறேன்.”

இந்த நிலையில்தான் அந்தப் பெரிய பியானோ வந்தது. புதிதாகக் கட்டிய ஓர் அரங்கத்துக்காக, மூன்று கால் வைத்து, திறந்தால் படகின் பாய் மாதிரி நிற்கும் மூடியோடு, மேஸ்திரி பார்த்துப் பார்த்துச் செய்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மேடையில் பூந்தொட்டிகளுக்குக்கூட இடம் குறித்துவிட்டார்கள். பியானோ கேட்கும் அறைக்குள் போயிற்று. கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் மாப்பிள்ளை வெளியே வந்தார். வழக்கம்போல மேஸ்திரி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அப்படியே. மச்சான் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லா இருக்கேன்.”

“அப்போ சொல்லுங்களேன், என்ன குறைன்னு.”

“இன்னும் ஒண்ணும் கேக்கலை.”

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாப்ள, எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரு சின்ன ஆனா போதும். விழாவுக்கு நாள் வச்சாச்சு. இது வீட்டுக்குப் போச்சுன்னா அங்க நான் என்ன, பீரோவையா கொண்டுபோய் வைக்கிறது?”

செய்தி பரவிற்று. இத்தனை காலம் குறை சொன்னார் என்று அவரைத் திட்டிய தொழிற்சாலை, இப்போது குறை சொல்லவில்லை என்று கவலைப்பட்டது. ஆளாளுக்கு ஒரு குறையை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார்கள். கம்பி சுற்றும் அம்மாள், “கீழ்க்கம்பி ஒண்ணுல என் தலைமுடி சிக்கிப் போயிருக்கும் சார், அதை வச்சுக்குங்க” என்றாள். பாலிஷ்காரர் தன் தொழில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அடிப்பக்கம் ஒரு கோட்டிங் விட்டுப்போயிருக்கலாம் என்று தானாக ஒப்புக்கொண்டார். வாயிற்காவலர், அது பார்வைக்குக் கொஞ்சம் கர்வம் பிடித்ததுபோல் தெரிகிறது என்றார். மாப்பிள்ளை எல்லோருக்கும் நன்றி சொன்னார். அன்று டீ நேரத்தில் அவர் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு சம்பவம் அங்கே நடந்ததில்லை.

அன்று பிற்பகல் மறுபடி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை, மிகவும் மெதுவாக, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல அழுத்திவிட்டு விரலை எடுத்தார். ஒலி எழுந்து, மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆகி, இல்லை என்றே ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் அடுத்த கட்டைக்குப் போயிருப்பார்கள். மாப்பிள்ளைக்கு அவசரம் இல்லை. அவருக்காக எங்கும் யாரும் காத்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

‘டொக்.’

உள்ளே எங்கேயோ ஒரு மரத்துண்டு தன் இடத்துக்குத் தாமதமாக வந்து உட்கார்ந்த சத்தம். ஒன்றே ஒன்று. மறுபடி அழுத்தினார். பலமாக அழுத்தினால் வரவில்லை. மெதுவாக அழுத்தி, ஒலி செத்து, அதற்கப்புறமும் காத்திருந்தால் வந்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ தட்டுவதுபோல.

குறை கிடைத்துவிட்டது. சுத்தமான, நாணயமான, அரங்கத்தில் எழுந்து நின்று சொல்லக்கூடிய குறை. இதைச் சொல்லிவிட்டால் மச்சானுக்கு நிம்மதி, விழாவுக்குப் பியானோ, மாப்பிள்ளைக்கு வழக்கம்போல வீடு. சொல்லாவிட்டால் வாழ்நாளில் முதல் பொய். அதுவும் வேலையில். அதுவும் இந்த அறையில்.

அன்று இருட்டும் வரை அந்த ஒரு கட்டையையே அழுத்திக்கொண்டிருந்தார். வெளியே தூணோரம் மேஸ்திரி, மச்சான், கம்பிக்கார அம்மாள், பாலிஷ்காரர், டீ டம்ளர்களோடு டீக்காரர் எல்லோரும் கும்பலாக நின்றார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்தார்.

“என்ன மாப்ள?”

மாப்பிள்ளை வெளியே வந்து கதவைச் சாத்தினார். “எல்லாம் நல்லா இருக்கு” என்றார்.

எல்லோரும் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்கள். டீ ஆறியது.

“ஒரு குறையும் தெரியலை.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மேஸ்திரி தூணைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். தன் வாழ்நாள் உழைப்புக்கு ஒரு வழியாக நல்ல வார்த்தை கிடைத்த மனிதரின் அழுகை அது. “சார், நீங்க… உங்க வாயால…” என்று மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை கையை உருவவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். பொய் சொல்வது கஷ்டம் என்று அவர் எண்ணியிருந்தார். அதற்கு நன்றி வாங்குவதுதான் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

மச்சான் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொண்ணு பாக்க வந்தப்போ சொன்னீங்க” என்றார். “அதுக்கப்புறம் இப்பத்தான்.”

அரங்கத்துக்கு அடுத்த பியானோவை அவசர அவசரமாக முடித்து அனுப்பினார்கள். அதில் இரண்டு குறை இருந்தது. விழாவுக்கு வந்த பிரமுகர்கள், ஒரு குறைக்கே பணம் கொடுத்து இரண்டு குறை கிடைத்ததாகப் பூரித்துப் போனார்கள்.

குறையற்ற பியானோவைப் பழைய வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். குடும்பமே திரண்டு வந்தது. மூன்று தலைமுறையாகப் பியானோவுக்கு இடம் விட்டவர்கள், வாசலை அளந்து பார்க்க மறந்திருந்தார்கள். காலைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து, கதவையும் நிலையிலிருந்து பெயர்த்து, ஆளாளுக்கு உத்தரவு போட்டு, கடைசியில் உத்தரவு எதுவும் காதில் விழாத இரண்டு சுமைக்காரர்களின் தயவால் அது உள்ளே வந்தது. கோட்டுக்குள் நிறுத்தினார்கள். ஸ்தாபகர் கிழித்த கோடு பீரோ மாதிரியான பியானோவுக்கானது. இதன் வால்போன்ற நீண்ட பின்பகுதி கோட்டைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

மச்சானின் மனைவி அதைத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு, “அண்ணே, அவ இருந்து பாத்திருக்கணும்” என்றாள். மாப்பிள்ளை தலையாட்டினார். எல்லோரும் பேசினார்கள், சிரித்தார்கள், ஒவ்வொருவராக வந்து கட்டைகளைத் தட்டிப் பார்த்தார்கள். பலமாகத்தான் தட்டினார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒலி அடங்கும் வரை காத்திருக்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை. அதற்கான அவசியமும் அவர்களுக்கு இல்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் போகும்போது மட்டும் அத்தனை பேரும், பியானோவின் வாலில் இடித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று, பழைய வழியிலேயே சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

பிறகு போய்விட்டார்கள். வீடு நிறைந்திருந்த சத்தம் அவர்களோடு படியிறங்கிப் போயிற்று. வாசல் கதவு இன்னும் நிலையில் மாட்டப்படாமல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

மாப்பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். பியானோவின் முன்னால் உட்கார்ந்தார். அந்தக் கட்டையை மெதுவாக அழுத்திவிட்டு விரலை எடுத்தார். ஒலி எழுந்தது, அடங்கியது.

‘டொக்.’

“வந்துட்டேன்” என்றார்.

சொன்ன பிறகுதான், திறந்த வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மச்சான். மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்தவர்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, கோட்டை மிதிக்காமல் சுற்றி நடந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாப்ள, அது என்ன சத்தம்?”

“எது?”

“மறுபடி அழுத்துங்க.”

மாப்பிள்ளை அழுத்தினார். வேறு வழியில்லை. பலமாக அழுத்தியிருக்கலாம், அழுத்தவில்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள். மச்சானும் அதே வீட்டில், அதே சுவர்களின் நடுவே வளர்ந்த காதுக்காரர்தான்.

‘டொக்.’

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

“குறை இருக்கு” என்றார் மச்சான்.

“இருக்கு மச்சான்.”

“தெரிஞ்சேதான் சொல்லலை.”

“தெரிஞ்சேதான்.”

“சட்டப்படி இதை நாளைக்கே ஏத்தி அனுப்பணும். தெரியும்ல?”

மாப்பிள்ளை எழுந்து, மூடியைப் பிடித்தார். மூடப் போனார்.

“இருங்க. எங்க ஓடறீங்க?” மச்சான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “தகரத்தை மாட்டிக்கிட்டே சோறு போடுவா. எத்தனை தடவை திட்டியிருப்பேன். இன்னொரு தடவை அழுத்துங்க.”

அழுத்தினார். கேட்டார்கள்.

“எனக்கு ஒண்ணும் தெளிவாக் கேக்கலை” என்று மச்சான் எழுந்துகொண்டார். “காதுல ஏதோ அடைப்பு. முதலாளிங்கற முறைக்கு, சரியாக் கேக்காம ஒரு முடிவுக்கு வர முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து மறுபடி பாக்கறேன்.”

வாசல் வரை போனார். கண்ணாடிக் கூட்டை மறுபடியும் மறந்துவிட்டுப் போனார்.

கம்பெனி இப்போதும் அமோகமாக நடக்கிறது. குறைகளுக்குக் குறைவில்லை. குறையற்ற ஒரே பியானோ ஸ்தாபகரின் இல்லத்தில் வைக்கப்பட்டிருப்பதாக விலைப்பட்டியலின் முதல் பக்கத்திலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அதன்மேலான மச்சானின் விசாரணை இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கிறது. வருவார், ஒரு டம்ளர் டீ குடிப்பார், அழுத்தச் சொல்வார், கேட்பார், காதைக் குடைந்துகொண்டு போய்விடுவார். ஞாயிறு ஒன்றுதான். மற்ற நாட்கள் பழைய நீளத்துக்கே இருக்கின்றன. அந்த நாட்களில் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, ஒரே ஒரு முறைதான் அந்தக் கட்டையை அழுத்துவார். ஆசை இல்லாமல் இல்லை. பயம்தான். புதுப் பியானோ, அதிகமாகப் புழங்கினால் உள்ளே மரம் மரத்தோடு பழகி, தாமதமாக வருவது நேரத்துக்கு வந்துவிடக்கூடும். அப்படி ஆனால் அது நிஜமாகவே குறையில்லாத பியானோவாகிவிடும்.

மச்சானுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். போன வாரம் வந்தவர் படியேறும்போதே, செருப்பைக்கூடக் கழற்றாமல், யாரும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

“என்ன மாப்ள, சரியாகிடலையே?”

“இல்ல மச்சான். குறை அப்படியேதான் இருக்கு.”

“நல்லவேளை” என்று சொல்லிவிட்டு மச்சான் செருப்பைக் கழற்றினார்.